கல்லச்சு முதல் கைத்தொலைபேசி வரை: ஓவியரின் கையை இயக்கியவை

குச்சவெளிக் கடற்கரையை ஒட்டி ஒரு பாறை உண்டு. அதன் முகத்தில் சிறு தூபி வடிவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வடமொழிக் கல்வெட்டு ஒன்றும் காணப்படுகின்றது. தொல்லியலறிஞர் செனரத் பரணவிதான அதனைப் படித்துப் பதிப்பித்தார். செதுக்கியவர் எவர் என்பது அதிற் சொல்லப்படவில்லை. கடற்காற்றும் உப்பும் அரித்துவிட்ட அக்கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம், இதனை எவர் பார்ப்பார் என அச்சிற்பி எண்ணியிருப்பாரா என்ற கேள்வி என்னுள் எழுவதுண்டு. (2020ஆம் ஆண்டு கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டதன் பின்னர், எங்கள் பகுதியில் பாறை என்ற சொல்லே காணிப் பிரச்சினையின் மறுபெயராகிவிட்டது. அது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.)

சில மாதங்களுக்கு முன்னர் அப்பாறைக்குச் சற்றுத் தள்ளி, ஓர் இளைஞர் பலகைத் துண்டொன்றை முழங்காலில் வைத்துக் கடலை வரைந்துகொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருதடவை தூரிகையைக் கீழே வைப்பார், கைத்தொலைபேசியை எடுப்பார், படம் பிடிப்பார், ஏதோ தட்டுவார், மீண்டும் தூரிகையை எடுப்பார். பேச்சுக் கொடுத்தேன். பெரும்பாலும் நடிகர்களின் முகங்களையே வரைவதாகவும், அவற்றுக்குத்தான் 'லைக்' விழுகின்றது என்றும், கடலுக்கு ஒன்றுமே விழுவதில்லை என்றும் கூறினார். அப்படியானால் ஏன் கடலை வரைகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பதில் சொல்லாமல் வரையத் தொடங்கிவிட்டார்.

முகநூலும் இன்ஸ்டகிராமும் ஓவியர்களைக் கெடுத்துவிட்டன என்று என் வயதையொத்த நண்பர்கள் குறைப்படுகிறார்கள். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், படம் மக்களைச் சென்றடையும் வழி எதுவோ அதுவே படம் வரையப்படும் முறையையும் மாற்றிவிடுகிறது என்பது நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழங்கதை.

1894ஆம் ஆண்டு பம்பாயில் ரவி வர்மா தமது அச்சகத்தை நிறுவினார். அதற்கு முன்னர் அவரது தைல ஓவியங்களைப் பார்க்க வேண்டுமாயின் அரண்மனைக்கோ கண்காட்சிக்கோ போகவேண்டும். அச்சகம் வந்ததும் அவரது இலட்சுமியும் சரசுவதியும் பணமற்றவர் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தனர். ஆனால் கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். தைலத்தில் ஒளியும் நிழலும் மெல்ல மெல்லக் கலக்கும் அந்த நுட்பத்தைக் கல்லிலே கொண்டுவருவது எளிதன்று. எனவே வண்ணங்கள் பிரகாசமாயின, உருவங்கள் நம்மை நேராகப் பார்த்து நிற்கத் தொடங்கின. வாங்குபவர் கேட்டது வழிபடத்தக்க முகத்தை. அச்சகம் பின்னர் அவர் கையைவிட்டுச் சென்று ஒரு ஜெர்மானியத் தொழில்நுட்பவியலாளரின் வசமாயிற்று. படங்களோ ஓவியரைப் பற்றிக் கவலைப்படாமல் ஊரூராய்ப் போய்க்கொண்டிருந்தன. பெயர் கழன்று படம் மட்டும் பயணம் போவது கைத்தொலைபேசி யுகத்தின் கண்டுபிடிப்பு அல்ல.

அடுத்தது கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்ற சி. கொண்டையராஜு (1898 - 1976) நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். பின்னர் அவரும் அவரது மாணவர்களும் சிவகாசி அச்சகங்களுக்காக வரைந்த தெய்வப் படங்கள் கலண்டர்களாகத் தமிழர் வாழும் இடமெல்லாம் பரவின. திருகோணமலைக் கடைத்தெருவில் தைப்பொங்கலுக்கு முன்னரே அவற்றைச் சுருட்டி வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்கள். அப்படங்களை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: கீழே கடைப்பெயருக்கும் திகதித் தாளுக்கும் இடம் விட்டுத்தான் முருகன் நிற்பார். அந்த வெற்றிடத்தை மனதில் வைத்துக்கொண்டே மயிலின் காலை எங்கே ஊன்றுவது என்று ஓவியர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பக்தர் எவரும் இதனைக் குறையாகச் சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுப் பூசையறையில் நாற்பது வருடங்களாக அந்தப் பள்ளியின் முருகன்தான் இருக்கிறார்.

இலங்கைத் தமிழ் ஓவியத்தின் கதை வேறு விதமானது. 1938இல் யாழ்ப்பாணத்தில் சித்திர வித்தியாதிகாரி எஸ். ஆர். கனகசபை முன்னின்று வின்ஸர் சித்திரக் கழகத்தை உருவாக்கினார். ஐந்து வருடங்களின் பின் கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலானோர் '43 குழு'வாகக் கூடினர். இரண்டுக்கும் வசதியிலும் புகழிலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்றில் ஒற்றுமை இருந்தது: ஓவியர் தமது படத்தை முதலிற் காட்டியது தம்மைப் போன்ற சிலருக்கே. அச்சிலர் முகத்துக்கு நேரே குறை சொன்னார்கள். படம் திரும்பவும் வீட்டுக்குப் போயிற்று, திருத்தப்பட்டது, சிலவேளை கிழிக்கப்பட்டது.

ஓவியர் அ. மாற்கு (1933 - 2000) இந்த வழியில் வந்தவர். ஆசிரியராகவே பெரும்பகுதி வாழ்ந்தார். மட்டக்களப்பில் இயங்கிவரும் வாசுகி ஜெயசங்கர் உட்பட அவரிடம் கற்ற பலர் பின்னர் தமக்கென ஒரு மொழியைக் கண்டடைந்தனர். மாற்குவின் கோடுகளில் ஓர் அவசரமின்மை உண்டு. ஒரே பெண் உருவத்தை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தவர் அவர். அப்படி எழுதிப் பார்க்க ஒருவருக்கு என்ன வேண்டும்? எவரும் பார்க்காத காலம் வேண்டும். அது அவருக்கு வாய்த்திருந்தது.

ஆயினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். போரும் இடப்பெயர்வும் அவரது படைப்புகளிற் பலவற்றை விழுங்கிவிட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது, எவரால் ஓவியச் சுருளைத் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியும்? அன்று ஒவ்வொருவர் கையிலும் இன்றிருப்பது போல் ஒரு கைத்தொலைபேசி இருந்திருந்தால், குறைந்தபட்சம் அவற்றின் நிழல்களாவது எங்கோ ஒரு சேமிப்பில் எஞ்சியிருக்கும். முகநூலைத் திட்டுவதற்கு முன் நான் இதனை ஒருமுறை நினைத்துக்கொள்வதுண்டு.

பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு நேரடியாகத் தெரிந்தது பத்திரிகை ஓவியம். ஈய எழுத்துக் காலத்தில் படம் அச்சேற வேண்டுமாயின் நாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து 'புளொக்' செய்யவேண்டும். கோட்டுப் படமெனில் சுத்தமாக விழும். நீர்வண்ணத்தின் சாயலை அச்சிட்டால் மலிவான தாளில் அது கரிப்பூச்சாகிவிடும். ஆகவே எங்கள் ஓவியர்கள் கோட்டிலே தேர்ந்தார்கள். பம்பாய்க்குக் கட்டடக்கலை பயிலச் சென்று கேலிச்சித்திரக்காரராகத் திரும்பிய சி. சிவஞானசுந்தரம் இதற்குச் சிறந்த உதாரணம். 1960களில் அவர் தொடங்கிய 'சிரித்திரன்' சஞ்சிகையில் வந்த சவாரித் தம்பரையும் மிஸ்ஸிஸ் டாமோடிரனையும் சில கோடுகளில் அடையாளங் காணலாம். நெருக்கடி கலையைச் சிக்கனமாக்கியது. 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்ப் பதிப்பகங்களுக்கு உயிர் வந்தது. யாழ்ப்பாணத்து ரமணி போன்றோரின் அட்டைப்படங்களை வாசகர்கள் அறிந்துகொண்டதும் அந்நூல்களின் வழியேதான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணப் பத்திரிகை பள்ளிக்கூடக் கொப்பித் தாளிலே வெளிவந்த நாட்களும் உண்டு. கோடிட்ட தாளில் படத்தை எங்கே வைப்பது?

இவ்விடத்தில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நான் ஆசிரிய பீடத்தில் இளையவனாக இருந்த காலத்தில் ஞாயிறு மலருக்கு ஒரு சிறுகதை வந்தது. எங்களிடமிருந்த ஓவியர் அதற்கொரு படம் வரைந்தார். பரந்த வெளி, ஒரு மூலையிற் சிறியதாக ஒரு கிழவி. நான் அதனைத் திருப்பிக் கொடுத்து, "முகம் பெரிசாய் வேணும், இல்லாட்டி ஆர் கதையை வாசிப்பினம்?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்தும் பாராமல் அடுத்த அரை மணித்தியாலத்தில் பெரிய முகமொன்றை வரைந்து தந்தார். அதற்குப் பின்னர் அவர் எங்களுக்கு வரைந்த எல்லாப் படங்களிலும் முகம் பெரிதாகவே இருந்தது. திருத்தச் சொல்லவேண்டிய தேவையே ஏற்படவில்லை. பல வருடங்கள் அதனை என் வெற்றியாகவே எண்ணியிருந்தேன். இன்று குச்சவெளி இளைஞர் "முகத்துக்குத்தான் லைக்" என்று சொன்னபோது, அந்தப் பழைய அறையும், அவர் நிமிர்ந்து பாராத அந்தக் கணமும் கண்முன் வந்தன.

இப்போதைய சாதனங்களுக்கு வருவோம். இன்ஸ்டகிராம் 2010 ஒக்டோபரில் தொடங்கியது. 2012இல் முகநூல் நிறுவனம் அதனை நூறு கோடி டொலருக்கு வாங்கியது. 2015 வரை அதிற் சதுரப் படத்தை மட்டுமே இடமுடியும். கலண்டரின் கடைப்பெயர் போல இதுவும் ஒரு சட்டம். சதுரத்துக்குள் அடங்கும்படி உருவத்தை நடுவில் நிறுத்தும் வழக்கம் ஓவியர்களிடையே பரவியது. 2016இல் படங்கள் வந்த வரிசையில் காட்டப்படும் முறை மாறி, எது எவருக்குப் பிடிக்கும் என்று கணினி கணித்துக் காட்டும் முறை வந்தது. 2020இல் 'ரீல்ஸ்' எனும் குறுங்காணொளி அறிமுகமானது. 2025 தொடக்கத்தில் பக்கத்தின் கட்டங்களே சதுரத்திலிருந்து நீள்சதுரமாக மாற்றப்பட்டன. பல வருடங்களாகச் சதுரமாக அடுக்கி வைத்திருந்தவர்களின் படங்கள் தலை வேறு தோள் வேறாக வெட்டுப்பட்டுத் தெரிந்தன.

இவற்றுள் மிக ஆழமான மாற்றத்தைக் கொண்டுவந்தது குறுங்காணொளி என்பது என் கணிப்பு. முன்னர் முடிந்த படமே காட்டப்பட்டது. இப்போது வரையும் செயலே காட்சி. கண்ணிமையிலிருந்து தொடங்கி ஒரு நிமிடத்தில் முழு முகமும் எழவேண்டும். அதற்கு ஏற்றது, முடிவு முன்கூட்டியே தெரிந்த படம். பார்த்து எழுதும் புகைப்படப் பிரதி, காப்பித்தூளில் வரையும் முகம், தலைகீழாக வரைந்து கடைசியில் திருப்பிக் காட்டும் வித்தை ஆகியன இதனால்தான் பெருகின. நடுவில் மனம் மாறி, வரைந்த மரத்தை அழித்துக் கிணறாக்கும் ஓவியருக்கு அந்த ஒரு நிமிடத்தில் இடமில்லை. உண்மையில் ஓவியம் என்பதே பெரும்பாலும் அந்த மனமாற்றந்தானே?

கருவியே குற்றவாளி என்று சொல்லவும் முடியாது. இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹொக்னி தமது எழுபதாவது வயதைக் கடந்தபின் ஐபோனில் விரலால் பூக்களை வரைந்து காலைவேளைகளில் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அவருக்குத் தொலைபேசி ஓர் எழுதுதாள். பெறுபவர்கள் அவருக்குத் தெரிந்த சிலர். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என நினைக்கிறேன்.

தமிழ்நாட்டிற் கும்பகோணத்தை அண்டிய செம்பியவரம்பலில் 1979இல் பிறந்த ஓவியர் எஸ். இளையராஜாவை முகநூலில் இருக்கும் தமிழர் பலரும் அறிவர். சிலர் அவரது பெயரை அறியாமலே அவரது படங்களை அறிவர். கதவோரம் சாய்ந்து நிற்கும் கிராமத்துப் பெண்கள், சேலையில் விழும் வெயில், கறுத்த தோலின் மினுக்கம். இது புகைப்படமா ஓவியமா என்ற வியப்புடனேயே அவை கைக்குக் கை போயின. அந்த வியப்பு அவருக்கு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது. சிவந்த தோலையே அழகென்று விற்ற கலண்டர் மரபுக்கு எதிராக, வெயிலிற் கறுத்த பெண்ணை அழகியாக நிறுத்தியவர் என்ற உண்மை, 'அப்படியே அசலாக இருக்கிறது' என்ற பாராட்டிலே மறைந்துபோயிற்று. அவரது பாணியைப் பின்பற்றி ஒரு படையே வரையத் தொடங்கியது. வெயில் இருந்தது, பெண் இருந்தாள், பார்வை இல்லை. 2021 ஜூனில் கொரோனாத் தொற்று அவரைக் கொண்டுபோனது. அன்று முகநூல் முழுவதும் அவரது படங்களே. அப்போதுதான் பலர் முதன்முறையாகப் படத்தின் கீழே பெயரையும் எழுதினார்கள்.

2022 ஏப்ரலில் ஏ. ஆர். ரஹ்மான் தமது பக்கத்தில் ஒரு 'தமிழணங்கு' படத்தைப் பகிர்ந்தபோது அது ஒரே நாளில் அரசியற் கொடியாகிவிட்டது. வரைந்தவர் சந்தோஷ் நாராயணன். (இசையமைப்பாளர் அல்லர், பெயரொற்றுமையால் குழம்பியவர்கள் ஏராளம்.) ஓவியர் வரைந்தபோது நினைத்ததும், படம் பயணித்தபின் அடைந்த பொருளும் ஒன்றாகவே இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இது அண்மைய சான்று.

எமது நாட்டில் 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலின் பின்னர் இளைஞர்கள் தூரிகையோடு தெருவிலிறங்கி மதில்களை வண்ணமயமாக்கினார்கள். அரசர்கள், படைவீரர்கள், காடுகள், யானைகள். ஓர் ஊர்ச் சுவர் மாலையில் முகநூலில் வந்தால் மறுநாள் அடுத்த ஊர் போட்டிக்குத் தயார். சுவருக்காகப் படமா, படத்தின் படத்துக்காகச் சுவரா என்பது விளங்கவில்லை. படைவீரர் ஓவியத்தை ஒரு தமிழ்க் கிராமத்தவர் எந்த மனநிலையோடு கடந்து போவார் என்று அப்போது எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்றாண்டு கழியுமுன்னரே, 2022இல், காலிமுகத்திடலில் அதே தலைமுறை வேறு படங்களை வரைந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில மணித்தியாலங்கள் முடக்கியும் பார்த்தது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் செய்த அதே வைத்தியம்.

திருகோணமலைக்காரனாகிய எனக்கு, படம் பரவுதல் என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருபவர் ஓவியர் அல்லர். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்தது என்று கூறப்பட்டது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள், அவர்கள் சுடப்பட்டிருந்தனர் என்பதை உலகுக்குக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு வருடங்களின் பின், 2010 ஜனவரி 24ஆம் திகதி, கேலிச்சித்திரக்காரரும் ஊடகவியலாளருமான பிரகீத் எக்னலிகொட காணாமலாக்கப்பட்டார். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2024 ஜனவரி 24ஆம் திகதி. திகதி ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் பத்திரிகைக்காரனின் கண் திகதிகளிலேயே போய் நிற்கும்.

இத்தகைய நாட்டிலே ஓர் ஓவியர் தமது படத்தை ஆயிரம் பேர் முன் வைப்பதென்பது 'லைக்' பற்றிய கேள்வி மட்டுமன்று. குச்சவெளி இளைஞர் எனக்குச் சொன்ன இன்னொரு விடயம் இது: ஒருமுறை அந்தப் பாறையையும் பின்னாலிருக்கும் கடலையும் வரைந்து போட்டாராம். ஒரு மணித்தியாலத்துக்குள் கீழே சண்டை. பாறை எவருடையது என்று மூன்று மொழிகளிலே வசைகள். கடலை எவரும் பார்க்கவில்லை. இரவோடிரவாக அழித்துவிட்டார். "அதுக்குப் பிறகு கல்லு கீறுறேல்லை ஐயா" என்றார்.

எவரும் சொல்லாமலே ஒரு பொருள் அவரது தூரிகையிலிருந்து நீங்கிவிட்டது. நான் அன்று முகம் பெரிதாக வேண்டும் என்றேன். இங்கே சொன்னவர் எவருமில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற நூலுக்காக, இடம்பெயர்ந்தோரிடம் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். தோம்பு என்பது காணிப் பதிவேடு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எங்களுக்கு விட்டுச்சென்ற சொல். கிணறு எங்கே, மாமரம் எங்கே, பூசையறை எந்தத் திசை என்று மக்கள் வரைந்த கோணல் கோடுகளும், அவற்றைக் கட்டடக்கலைஞர் முறைப்படுத்திய படமும், ஓவியரின் சித்திரமும் ஒன்றன்மேலொன்றாய் வைக்கப்பட்டுள்ளன. அதனை ஒரு கோப்பைப் புரட்டுவது போல் புரட்டவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து முகநூலில் இட்டால் அது வெறும் வீட்டுப்படம். ஒருவர் வந்து உட்கார்ந்து, தயங்கி, முதலில் முடியாது என்று சொல்லி, பிறகு பென்சிலை எடுக்கும் நேரம் அந்த நூலுக்குள் இருக்கின்றது.

ஆனாற் சனாதனன் பல்கலைக்கழக ஆசிரியர். அறிந்தோர் வட்டம் உள்ளவர். எங்களூரில் ஓவியக்கூடமில்லை, கண்காட்சியில்லை, வண்ணம் வாங்க நகருக்குப் போகவேண்டும். இளைஞரின் முதற் கூலி கனடாவிலிருந்து வந்ததாம். முகநூலில் பார்த்த ஒருவர், இறந்த தாயாரின் உருவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். கைத்தொலைபேசியைக் கீழே வை என்று அவருக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

புறப்படும்போது தமது பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். இதிலுள்ளவற்றைப் 'போடுவதில்லை' என்றார். பெரும்பாலும் பென்சிற் கோடுகள். ஒரு பக்கத்தில் நீர்ப்பரப்பு, அதில் ஒரு தட்டையான மிதவை, அதன்மேல் ஒரு பேருந்து, சில சைக்கிள்கள், ஆடு ஒன்று. புல்மோட்டை வீதியில் பாலங்கள் கட்டப்படுமுன்னர் நாங்கள் துறைகளைக் கடந்த 'பாதை' அது. அவர் நினைவு தெரிவதற்கு முன்பே பாலங்கள் வந்துவிட்டன. அம்மம்மா சொல்லக் கேட்டு வரைவதாகவும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதாகவும் கூறினார். நான்கு தடவை அழித்து எழுதிய தடம் தாளிலே தெரிந்தது.

"ஐயா, பாதையின்ரை தளம் பலகையோ, இரும்போ?" என்று கேட்டார்.

எத்தனை தடவை ஏறியிருப்பேன்! அன்றைய பத்திரிகைக் கட்டுகள் ஈரமாகாமல் இருக்க அவற்றைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நின்றதும், மோதிக் கரை சேரும்போது முழங்கால் மடிவதும் நினைவிலிருக்கின்றன. காலுக்குக் கீழே இருந்தது என்ன என்பது வரவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று கூறி வந்தேன். இதனை வாசிக்கும் எங்களூர்ப் பெரியவர்கள் எவருக்காவது நினைவிருந்தால் அறியத் தாருங்கள். அவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறார்.